மேவ் ராணியின் தலையணை மந்திரம்

என் தம்பி பள்ளிக்கூட நாட்களில் வெளிநாட்டு நோட்டுகள் சேர்ப்பான். வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பியபோது, "நீதான் பேங்க்ல இருக்கியேக்கா, இதுவும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்று ஆல்பத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். திருவாரூர் பக்கம் இருந்தபோது, சத்தீஸ்கர் போனபோது, இப்போது நாக்பூர் என்று ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் அது அட்டைப்பெட்டியில் ஏறி இறங்கியதுதான் மிச்சம். யாரும் திறந்து பார்த்ததில்லை. போன மாதம் மகளின் மார்க் ஷீட்டுகளைத் தேடும்போது கையில் அகப்பட்டது.

மகள் மேல்படிப்புக்கு அயர்லாந்து போகப் போகிறாள். கால்வே என்ற ஊர். அந்த யோசனையிலேயே இருந்ததால், ஆல்பத்தில் "அயர்லாந்து" என்று தம்பி பென்சிலில் எழுதி வைத்திருந்த பக்கத்தில் கை நின்றது. பச்சை நிறத்தில் ஒரு பவுண்டு நோட்டு. அதில் ஒரு பெண்ணின் முகம். இங்கிலாந்து ராணி இல்லை. தேடிப் பார்த்ததில் தெரிந்தது, அவள் பெயர் மேவ். புராணத்து ராணி. 1977-ல் அயர்லாந்து மத்திய வங்கி வெளியிட்ட நோட்டு அது. 1990-ல் ஒரு பவுண்டு நாணயம் வந்து அந்த நோட்டுக்கு விடை கொடுத்தது. பிறகு யூரோ வந்து அந்த நாணயத்துக்கும் விடை கொடுத்தது.

நோட்டில் எழுத்தாளர், விஞ்ஞானி, தலைவர் படம் போடுவார்கள். ஒரு கதாபாத்திரத்தை ஏன் போட்டார்கள் என்று தோன்றியது. கதையைப் படித்ததும், அடடா, நோட்டில் போட இவளைவிடப் பொருத்தமானவள் கிடையாது என்று ஆகிவிட்டது. சொத்துக் கணக்குப் பார்த்தே ஒரு போரை ஆரம்பித்தவள்!

முதலில் பெயர். பழைய ஐரிஷ் எழுத்தில் 'மெத்ப்' என்பதுபோல எழுதி 'மேவ்' என்று உச்சரிக்கிறார்கள். தேன் கள்ளைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பெயர். வடமொழியின் 'மது'வுக்கும் அதே வேர்தான் என்கிறார்கள் மொழியியல்காரர்கள். போதை தருபவள் என்று பொருள் கொள்ளலாம். ஆதியில் இவள் நாட்டின் ஆட்சியுரிமைக்கே தெய்வமாக இருந்திருப்பாள், அவள் கையால் பானம் வாங்கிக் குடித்து அவளை மணப்பவன்தான் ராஜா ஆக முடியும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. தெய்வம் பிறகு ராணியாகி, கிறிஸ்தவத் துறவிகள் கதையை ஏட்டில் எழுதி வைத்தபோது பிடிவாதக்கார மனைவியாகவும் ஆகிவிட்டாள்.

கதையின் பெயரை 'கூலி நாட்டு மாடு கவர்தல்' என்று தமிழில் சொல்லலாம். (ஆமாம், அந்த ஊரின் பெயரே கூலிதான். அயர்லாந்தின் கிழக்குக் கரையில் இன்றும் அந்தப் பெயரோடு ஒரு தீபகற்பம் இருக்கிறது.) ஆநிரை கவர்தலை ஒரு திணையாகவே வைத்திருக்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. மாடுதான் செல்வம், மாடு பிடிப்பதுதான் வீரம். கிடைத்திருக்கும் பழைய ஏடு 1100-ஐ ஒட்டி எழுதப்பட்டது. மேவ் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பதும் அந்த ஏட்டின் எழுத்துதான். ஆனால் நான் சொல்லப் போகும் முதல் காட்சி அதில் இல்லை. 12-ம் நூற்றாண்டின் இன்னொரு பெரிய ஏட்டில், லெய்ன்ஸ்டர் ஏடு என்பார்கள், அதில்தான் வருகிறது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது.

காட்சி இதுதான். கொன்னாக்ட் நாட்டின் குரூஹன் அரண்மனை. இரவு. மேவும் கணவன் அலிலும் படுக்கையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குத் தலையணைப் பேச்சு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தலையணை மந்திரம் என்றால் மனைவி ஓதுவது, கணவன் மயங்குவது. இங்கே ஆரம்பித்தது கணவன். பணக்காரன் பெண்டாட்டியாக இருப்பது நல்ல யோகம்தான் என்கிறான். நான் உன்னைக் கட்டிக்கொண்ட நாளைவிட இன்றைக்கு நீ வசதியாக இருக்கிறாய் என்கிறான்.

எத்தனை வீடுகளில், எத்தனை விதமாக இந்த வாக்கியம் சொல்லப்பட்டிருக்கும்!

மேவ் சும்மா இருக்கவில்லை. எனக்கு அதற்கு முன்னாலேயே வசதி இருந்தது என்கிறாள். அப்பா ஓஹி ஃபெய்த்லெஹ் அயர்லாந்தின் பேரரசன். ஆறு மகள்களில் நானே சிறந்தவள், எனக்கென்று தனிப்படை இருந்தது. பல நாட்டு ராஜாக்கள் பெண் கேட்டார்கள், நான் போகவில்லை. கஞ்சத்தனமும் பயமும் பொறாமையும் இல்லாதவன்தான் எனக்கு வேண்டும் என்றேன். நீ அப்படி இருந்தாய், உன்னைக் கட்டிக்கொண்டேன். கல்யாணப் பரிசாக 12 பேருக்கான உடுப்பும், ஒரு தேரும், உன் முகத்தின் அகலத்துக்குத் தங்கமும் நான்தான் உனக்குக் கொடுத்தேன். உன்னை யாராவது அவமானப்படுத்தினால் அதற்கு வரும் நஷ்டஈடு எனக்குத்தான் வரும், ஏனென்றால் நீ மனைவி சொத்தில் இருக்கும் கணவன்!

அந்தக் கடைசி வரி வெறும் வாய்ச்சண்டை இல்லை, சட்டப் பிரிவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, எடுத்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாகிறது. முதலில் தட்டுமுட்டுச் சாமான்: வாளி, தொட்டி, இரும்புச் சட்டி, குடம், கழுவும் பாத்திரம். பிறகு நகை, மோதிரம், காப்பு. பிறகு துணிமணி, நிறம் நிறமாக. பிறகு வயலிலிருந்து ஆட்டு மந்தை, குதிரை, பன்றி, கடைசியில் மாடு. ஒவ்வொன்றையும் எண்ணி, எடை பார்த்து, ஒப்பிடுகிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி. ஆடு நிற்கிற இடத்தில் ஆடு, கிடா நிற்கிற இடத்தில் கிடா.

27 வருடம் டேலி பார்த்த எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது என்றால் சிரிக்காதீர்கள். இத்தனையும் டேலி ஆகி, ஒரே ஒரு ஐட்டம் உதைக்கும் பாருங்கள், அதுதான் இங்கேயும் நடக்கிறது. அலிலிடம் ஒரு காளை கூடுதல். வெள்ளைக் கொம்பன். அது பிறந்தது மேவின் பசுவுக்குத்தான். ஆனால் ஒரு பெண்ணின் சொத்தாக இருப்பது கேவலம் என்று அந்தக் காளையே நினைத்து, நடந்து போய் ராஜாவின் மந்தையில் சேர்ந்துகொண்டதாம்!

எழுதிய துறவி இதைக் கிண்டலாக எழுதினாரா, நிஜமாகவே நினைத்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனைவியின் மந்தையில் பிறந்த கன்று தானாகவே கணவன் கணக்கில் போய் நிற்பதை நான் ஏகப்பட்ட ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். யாரும் திருடுவதில்லை. தானாக நடந்து போகிறது.

அந்த ஒரு காளை இல்லாததால், தன்னிடம் எதுவுமே இல்லாததுபோல ஆகிவிட்டது மேவுக்கு. அதற்கு ஈடான காளை எங்கே என்று விசாரிக்கிறாள். உல்ஸ்டர் நாட்டில் கூலியில் டாரே என்பவரிடம் இருக்கிறது என்று பதில் வருகிறது. முதலில் முறையாகத்தான் கேட்கிறாள். ஒரு வருடக் கடன். அதற்குக் கூலியாக 50 கிடாரிகள், நிலம், ஒரு தேர், கூடவே தன் படுக்கையும். டாரே சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார். அன்று இரவு தூதர்கள் குடித்துவிட்டு, அவர் தராவிட்டாலும் பிடுங்கிக்கொண்டு போயிருப்போம் என்று உளறுகிறார்கள். அது வீட்டு நிர்வாகி காதில் விழ, ஒப்பந்தம் முறிகிறது. சாங்ஷன் ஆன லோன் டிஸ்பர்ஸ் ஆவதற்குள் வாய் விட்டுக் கெடுத்த கதை. மேவ் படை திரட்டுகிறாள்.

படை உல்ஸ்டருக்குள் நுழைகிறது. எதிர்க்க ஆளில்லை. கூஹுலின் என்ற பதினேழு வயதுப் பையன் மட்டும் தனியாக நின்று ஆற்றுத் துறைகளில் ஒவ்வொருவராகச் சண்டைக்கு அழைக்கிறான். மற்ற ஆண்கள் எங்கே? எல்லோரும் பிரசவ வலியில் படுத்திருக்கிறார்கள்.

தட்டச்சுப் பிழை இல்லை. ஆண்கள்தான். பிரசவ வலிதான். இதற்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது. எனக்கு மேவைவிட இந்தக் கிளைக்கதையின் பெண்தான் தூக்கத்தைக் கெடுத்தாள்.

குரூன்யுக் என்று ஒரு விவசாயி, மனைவியை இழந்தவன். ஒரு நாள் ஒரு பெண் அவன் வீட்டுக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கிறாள். அவளே அவன் மனைவியாகிறாள். வீடு செழிக்கிறது. கர்ப்பமாகிறாள். உல்ஸ்டரில் பெரிய திருவிழா வருகிறது. கிளம்பும் கணவனிடம், அங்கே போய் வாயைக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்புகிறாள். அங்கே ராஜாவின் குதிரைகள் ஜெயிக்கின்றன. இவற்றுக்கு ஈடு கிடையாது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். இவன் வாய் சும்மா இருக்குமா? என் பெண்டாட்டி இதைவிட வேகமாக ஓடுவாள் என்கிறான்.

ராஜா அவனைப் பிடித்து வைத்து அவளை அழைத்து வரச் சொல்கிறார். நிறைமாதம், வலி எடுக்கிற நேரம். ஓடாவிட்டால் கணவன் தலை போய்விடும். கூட்டத்தைப் பார்த்து அவள் கேட்கிறாள்: உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய்தானே பெற்றாள், எனக்குப் பிரசவம் ஆகும்வரை பொறுக்கக் கூடாதா? யாரும் வாய் திறக்கவில்லை. அவள் ஓடுகிறாள். குதிரைகளுக்கு முன்னால் எல்லையைத் தொட்டு, அங்கேயே கதறி இரட்டைக் குழந்தை பெறுகிறாள். அந்தக் கதறலைக் கேட்ட ஆண்களுக்கு ஒரு சாபம்: எப்போது உங்களுக்கு ஆபத்து வருகிறதோ அப்போது பிரசவித்த பெண்ணின் பலம்தான் உங்களுக்கு இருக்கும். ஒன்பது தலைமுறைக்கு. அவள் பெயர் மாக்கா. இடத்தின் பெயர் ஏவன் மாக்கா, மாக்காவின் இரட்டையர் என்று பொருள் சொல்கிறது கதை. வட அயர்லாந்தில் அர்மா நகரத்துக்கு அருகே இருக்கும் அந்த மேட்டை நவன் கோட்டை என்கிறார்கள். அர்மா என்ற பெயரிலேயே மாக்கா இருக்கிறாள்.

அங்கே தோண்டிப் பார்த்ததில் சுமார் 40 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய வட்டமான மரக் கட்டடத்தின் தடம் கிடைத்தது. நடுத்தூணின் ஓக் மரத்தை வெட்டிய காலத்தை வளையங்களை எண்ணி கி.மு. 95 என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டி முடித்து, உள்ளே கல்லை நிரப்பி, பிறகு அவர்களே கொளுத்திவிட்டார்கள். எதற்கு என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். வட ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றின் மண்டையோடும் அதே கோட்டையில் கிடைத்தது. அத்தனை தூரத்திலிருந்து எப்படி வந்ததோ!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2003 மார்ச் 31. அப்போது நான் கிளார்க். ஏழாவது மாதம். வங்கியில் இருப்பவர்களுக்கு மார்ச் 31 என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கிளையில் பாதி லெட்ஜர், பாதி கம்ப்யூட்டர். சேமிப்புக் கணக்கு வட்டியில் 11 ரூபாய் சொச்சம் உதைத்தது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போகலாமா சார் என்று கேட்டேன். "எங்க வீட்லயும் ரெண்டு பெத்தவதாம்மா, இதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் அந்த மேனேஜர். நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மேஜைக்கு டீ வந்துகொண்டே இருந்தது. சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பெண்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவளும் நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜூனில் சுகமாகப் பிறந்தாள், அவள்தான் இப்போது கால்வே போகிறவள். இத்தனை வருடம் அதை ஒரு சாகசக் கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். மாக்காவின் கதையைப் படித்த அன்று, அந்தக் கைதட்டல் வேறு மாதிரி கேட்டது.

1961-லிருந்தே நம் நாட்டில் மகப்பேறு சட்டம் இருக்கிறது. 2017-ல் விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். இப்போது என் கீழே வேலை பார்க்கும் பெண்கள் யாராவது அந்த நிலையில் இருந்தால் ஆறு மணிக்கு நானே எழுப்பி அனுப்பிவிடுகிறேன். டேலி மறுநாளும் ஆகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போர் நீளமான கதை. ஏகப்பட்ட பேர் சாகிறார்கள். மேவ் தோற்றுத்தான் திரும்புகிறாள், ஆனால் காளையை முன்னாலேயே ஊருக்கு ஓட்டி அனுப்பிவிடுகிறாள். கூலிக் காளை குரூஹன் வந்து வெள்ளைக் கொம்பனைப் பார்க்கிறது. இரண்டும் மோதுகின்றன. வெள்ளைக் கொம்பன் செத்து, அதன் துண்டுகளைக் கொம்பில் சுமந்தபடி கூலிக் காளை அயர்லாந்து முழுக்க ஓடுகிறது. இடுப்புச் சதை விழுந்த இடம்தான் இன்றைய அத்லோன் நகரம் என்று கதை. சொந்த ஊர் எல்லையை அடைந்ததும் அதுவும் நெஞ்சு வெடித்துச் சாகிறது. அலிலிடம் காளை இல்லை, மேவிடமும் காளை இல்லை. கணக்கு டேலி!

படை திரும்பும்போது, பெண்குதிரை நடத்திப்போன மந்தை வேறு எப்படி ஆகும் என்ற பொருளில் மேவின் காதலன் ஃபெர்கஸ் ஒரு வார்த்தை சொல்கிறான். எழுதிய துறவிகளுக்கு அது ருசித்திருக்கும். லெய்ன்ஸ்டர் ஏட்டில் கதை முடிந்ததும் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று ஐரிஷ் மொழியில்: இதை மாற்றாமல் மனப்பாடம் செய்பவருக்கு ஆசி. அடுத்தது லத்தீனில்: எழுதினேனே தவிர இதையெல்லாம் நான் நம்பவில்லை, சிலது பிசாசின் வேலை, சிலது கவிஞர் கற்பனை, சிலது முட்டாள்களைச் சிரிக்க வைக்க. 12-ம் நூற்றாண்டிலேயே டிஸ்கி போட்டிருக்கிறார் மனிதர் :-)

மேவைத் தூக்கி வைத்துக் கொண்டாடும் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. பெண் சக்தி, விடுதலை என்று. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இரண்டு காரணம்.

ஒன்று, அவள் மகள் ஃபின்னவர். கூஹுலினோடு சண்டைக்குப் போகத் தயங்கும் ஒவ்வொரு வீரனிடமும், ஜெயித்தால் என் மகளைத் தருகிறேன் என்கிறாள் மேவ். ஒருவனிடம் இல்லை, வரிசையாக. விஷயம் தெரிய வந்து, அதனால் விளைந்த சாவுகளைக் கேட்டு, லெய்ன்ஸ்டர் ஏட்டில் அந்தப் பெண் வெட்கத்தால் மாண்டு போகிறாள். தன் சொத்துக்காகக் கணவனோடு மல்லுக்கட்டிய அம்மா, மகளைக் காசாக எண்ணி எண்ணி வைக்கிறாள்.

இரண்டாவது இன்னும் மோசம். மேவ் கொடுத்த தேரின் மதிப்பு 'மூன்று முறை ஏழு குமால்' என்று வருகிறது. குமால் என்றால் என்ன என்று தேடினேன். அடிமைப் பெண். பழைய அயர்லாந்தில் நாணயம் கிடையாது. பெரிய மதிப்புகளுக்கு அலகே அடிமைப் பெண்தான். பொதுவாக ஒரு குமால் என்றால் மூன்று கறவை மாடு. பிற்பாடு நிஜ அடிமையைக் கைமாற்றாமல் வெறும் கணக்கு அலகாகவே அந்தச் சொல் நின்றது. நிலத்தைக்கூட இத்தனை குமால் என்றுதான் அளந்தார்கள். ரூபாய், டாலர் மாதிரி, பெண். ராணி கொடுத்த தேரின் விலை 21 பெண்கள். வாளியும் தொட்டியும் பட்டியலில் வந்தன. அந்த வாளியில் தண்ணீர் சுமந்தவள் பட்டியலில் வரவில்லை, விலைக் காலத்தில் இருந்தாள்.

இப்போது அந்தச் சட்டப் பிரிவு. சுமார் 700-ல் எழுதப்பட்ட ஒரு ஐரிஷ் சட்ட நூல் இருக்கிறது, தம்பதிகள் சட்டம் என்று சொல்லலாம். யார் சொத்துக் கொண்டுவந்தார் என்பதை வைத்து அது கல்யாணத்தைப் பிரிக்கிறது. இருவரும் கொண்டுவந்த கல்யாணம், கணவன் சொத்தில் மனைவி, மனைவி சொத்தில் கணவன். மேவ் அலிலை மூன்றாவது ரகத்தில் தள்ளப் பார்த்தாள், அவன் முதல் ரகம் என்று நிரூபிக்கப் பார்த்தான். படுக்கையில் நடந்தது இதுதான்.

பிரிந்தால் பங்கு எப்படி? நிலம் யாருடையது, கால்நடை யாருடையது, உழைப்பு யாருடையது என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது அந்தச் சட்டம். கம்பளி கத்தரித்தபடியே கிடந்தால் மனைவிக்குச் சின்னப் பங்கு. சிக்கெடுத்துச் சீவி வைத்திருந்தால் பங்கு கூடும். துணியாக நெய்திருந்தால் பாதி. அவள் கை பட்ட அளவுக்குப் பங்கு! பாலுக்கும் வெண்ணெய்க்கும்கூட இப்படி ஒரு கணக்கு. அங்கே பெண்களுக்கு ராஜவாழ்க்கை என்று நினைத்துவிட வேண்டாம். மனைவியின் மான விலை பொதுவாகக் கணவனுடையதில் பாதிதான். சகோதரன் இல்லாத மகளுக்குத்தான் நிலம், அதுவும் பெரும்பாலும் ஆயுள்வரைக்கும். ஆனாலும் வீட்டு உழைப்பைக் கணக்கில் ஒரு வரியாக எழுதிய சட்டம் அது.

அதே நாடு பிறகு எங்கே போனது பாருங்கள். மேவ் நோட்டில் ஏறியது 1977. அதற்கு நாலே வருடம் முன்னால், 1973 வரை, அயர்லாந்தில் அரசு வேலை பார்க்கும் பெண் கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்ய வேண்டும். வங்கிகளிலும் அந்த வழக்கம் இருந்தது. மேவுக்கே அங்கே கேஷ் கவுண்டரில் வேலை நிலைத்திருக்காது! 1976-ல்தான் குடும்பம் வாழும் வீட்டை மனைவியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கணவன் விற்க முடியாது என்று சட்டம் வந்தது. 1993-ல் இன்னொரு படி போய், குடியிருக்கும் வீடு தானாகவே இருவர் பெயரிலும் ஆகிவிடும் என்று மசோதா போட்டார்கள். 1994 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராது என்றுவிட்டது. கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசி எடுத்த முடிவில் அரசு இப்படித் தலையிட முடியாது என்பதுதான் சாரம்.

தங்களுக்குள் பேசி. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

நாக்பூர் ஃபிளாட்டை 2009-ல் வாங்கினோம். ரங்கமணி இங்கே ஒரு கம்பெனியில், நான் சத்தீஸ்கரில் ஒரு கிராமக் கிளையில். என் ஸ்டாஃப் லோனில் வாங்கியிருந்தால் வட்டி குறைவு. ஆனால் மாமனார் மன்னார்குடிப் பக்கம் நிலத்தை விற்று நாலு லட்சம் கொடுத்தார். "பையன் பேர்லயே இருக்கட்டும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ஒரு வங்கியில் அவர் பெயரில் லோன் ஆயிற்று, கோ-ஆப்ளிகண்ட் கையெழுத்து மட்டும் என்னுடையது. அதாவது கடனில் நான் பாதி, வீட்டில் நான் இல்லை. 2013-ல் அவர் கம்பெனியை மூடினார்கள். அதிலிருந்து 2024-ல் லோன் முடியும்வரை மாதத் தவணை என் சம்பளத்திலிருந்துதான் போனது. வருமான வரியில் அந்த வட்டிக்கு எனக்கு ஒரு ரூபாய் கழிவு கிடையாது, ஓனர் இல்லையே. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், "ஜாயின்ட் நேம்ல போடுங்கம்மா" என்று நூறு முறை சொன்னவள் நான்.

நம் நாட்டில், கோவாவைத் தவிர, கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது என்று சட்டம் கிடையாது. பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்து. 1956 சட்டம் பெண்ணின் சொத்தை அவளுக்கே முழுசாக்கியது, 2005 திருத்தம் மகளுக்கு மகனோடு சம பங்கு தந்தது. இரண்டும் பெரிய விஷயம். ஆனால் பத்திரத்தில் எழுதாத பெயரை எந்தத் திருத்தமும் எழுதித் தராது.

மகளின் கல்விக் கடனுக்கு இந்த ஃபிளாட்டை அடமானம் வைக்க வேண்டும். பேப்பர் பார்த்த இளம் அதிகாரி, மரியாதையான பையன், போனில் சொன்னான்: "ஓனர் தோ சர் ஹைன் நா, மேடம்? மார்ட்கேஜுக்கு அவர் மட்டும் வந்தால் போதும், நீங்கள் சிரமப்பட வேண்டாம்."

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் தலையணைப் பேச்சு. மேவ் கதையைத்தான் சொன்னேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் முழுக்கக் கேட்டார். காளை தானாக நடந்து போன இடத்தில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இவ்ளோ நாளா மனசுல வச்சிருந்தியா?"

"இல்லீங்க. போன வாரம் வரைக்கும் எனக்கே தெரியல."

"அப்பா குடுத்த நாலு லட்சம் இருக்கே."

"அதையும் எழுதுங்க. யார் இல்லேன்னா?"

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். மாமனார் கொடுத்தது, அவர் கட்டிய நாலு வருடத் தவணை, நான் கட்டிய பதினோரு வருடம், விற்ற என் வளையல் நாலு, அவர் வேலையில்லாத இரண்டு வருடம் வீட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டது. அந்தக் கடைசி வரிக்கு என்ன தொகை போடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் எழுதச் சொன்னேன், அவர் வேண்டாம் என்றார். ஐரிஷ் சட்டக்காரன் இருந்தால் கம்பளி சீவியதா நெய்ததா என்று கேட்டிருப்பான். கடைசியில் பாதி என்று எழுதிக்கொண்டோம். மஹாராஷ்டிராவில் கணவன் மனைவிக்கு வீட்டில் பங்கைத் தானமாக எழுதிக்கொடுத்தால் முத்திரைக் கட்டணம் பெயரளவுக்குத்தான்.

மறுநாள் அவர் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னார். மாமனார் என்னிடம் கொடுக்கச் சொன்னார். எண்பத்தொரு வயது. "அன்னிக்கே நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சேத்து எழுதச் சொல்லியிருப்பேனேம்மா" என்றார். இருக்கலாம். கேட்காததால் எங்களில் யாருக்கும் அது தெரியப் போவதில்லை.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் அடுத்த வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. மகளிடம், கால்வே போய்ச் செட்டில் ஆனதும் ஒரு நாள் ராஸ்காமன் பக்கம் குரூஹனைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். புல் முளைத்த மேடுதான் இருக்கும், அரண்மனை எதுவும் கிடையாது. மேவின் கல்லறை என்று ஸ்லைகோவில் மலை உச்சியில் காட்டும் பெரிய கற்குவியல்கூட அவள் கதைக்கு ஆயிரக்கணக்கான வருடம் முந்தைய வேறு யாருடையதோ. ஆனால் குரூஹனில் பூனைக் குகை என்று ஒரு குகை இருக்கிறது. அதன் வாசல் மேல்கல்லில் பழைய ஓகம் கோடுகளில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. மேவின் மகன் ஃப்ரேக் என்று படிக்கிறார்கள். அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர். டார்ச் எடுத்துக்கொண்டு போய் அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

"குகைக்குள்ள சேறா இருக்குமாம்மா?" என்று கேட்கிறாள். இருக்கும் என்றுதான் படித்திருக்கிறேன்.